மாடிப்படியில் உருளும் திரைக்கதை

கதாநாயகிக்குக் குழந்தை வேண்டாம். கருவைக் கலைக்க முடிவெடுத்துவிட்டாள், டாக்டரிடம் நேரமும் வாங்கிவிட்டாள். இனி ஏதோ ஒன்று நடுவில் புகுந்து காரியத்தை முடித்துவைக்கும் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிடும். மாடிப்படியில் கால் வழுக்கும். இல்லாவிட்டால் கார் மோதும். இரண்டும் கிடைக்காதபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுவாள். அடுத்த காட்சியில் டாக்டர் கதவைத் திறந்து வந்து தலையை ஆட்டுவார். கரு போய்விட்டது, ஆனால் யாரும் கலைக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு அழக் காரணம் கிடைத்தது, எழுதியவருக்கும் பிரச்சினை இல்லை. சீரியலாக இருந்தால் படியில் எண்ணெய் ஊற்ற ஒரு வில்லியும் தயாராக இருப்பாள்.

இது இன்று நேற்று வந்த உத்தி இல்லை. 1939இல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்திலேயே ஸ்கார்லெட் மாடிப்படியில் உருண்டுதான் கருவை இழக்கிறாள். ஹாலிவுட் அப்போது ஹேஸ் விதிகள் என்ற தணிக்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டிருந்தது. 1956இல் திருத்திய பிறகும் அந்த விதிகள் கருக்கலைப்பைக் கோடிகாட்ட மட்டுமே அனுமதித்தன. பேச்சு வந்தால் கண்டித்தே ஆகவேண்டும், நகைச்சுவைக்கு எடுக்கவே கூடாது. சரி, அவர்களுக்கு வேறு வழி இல்லை என்று விட்டுவிடலாம். 1968இல் அந்த விதிகளே போய்விட்டன. படி மட்டும் இன்னும் இருக்கிறது.

'கிரேஸ் அனாடமி' என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடர் பார்த்தவர்களுக்குக் கிறிஸ்டினா யாங்கை நினைவிருக்கும். அறுவை சிகிச்சை நிபுணராவதுதான் அவள் குறி, குழந்தை வேண்டாம் என்பதில் குழப்பமே இல்லை. 2005இல் அவள் கருக்கலைப்புக்கு நாள் குறித்துவிடுகிறாள். அந்த நாள் வருவதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலேயே மயங்கி விழுகிறாள். கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கிறது. முடிந்தது கதை. அதே கிறிஸ்டினா 2011இல் மறுபடி கர்ப்பமாகிறாள். இந்த முறை எதுவும் குறுக்கே வரவில்லை. கணவன் ஓவன் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ள, கருக்கலைப்பு நடக்கிறது. அப்புறம் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழாவில், எல்லார் காதிலும் விழும்படி, நம் குழந்தையைக் கொன்றுவிட்டாய் என்று அவளிடம் கத்துகிறான். முதல் கதையில் நடந்தது விபத்து. இரண்டாவதில்தான் இரண்டு மனிதர்களும் அவர்களுக்கு நடுவே தீராத ஒரு சண்டையும் இருக்கின்றன. கையைப் பிடித்தவனே கத்துகிறான் பாருங்கள், அதை எழுதத்தான் தைரியம் வேண்டும்.

இன்னொன்றையும் பல வருடங்களாகக் கவனித்துவருகிறேன். "கலைச்சிடு" என்ற வசனம் யார் வாயில் வருகிறது? ஏமாற்றிய காதலன், பணக்கார அப்பா, கௌரவம் பார்க்கும் மாமியார். சொன்ன மாத்திரத்தில் அவர் கெட்டவர் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். நல்ல பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் குழந்தையை நானே வளர்த்துக்கிறேன்" என்பாள், பின்னணி இசை எழும்பும். கட்டாயப்படுத்திக் கலைக்கச் சொல்வது நடக்காத விஷயம் இல்லை, அதைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் தானாகவே, யாரும் சொல்லாமல், "எனக்கு இப்போ வேண்டாம்" என்று நினைக்கும் பெண்ணுக்கு இந்த ஏற்பாட்டில் வசனமே கிடையாது. கெட்டவன் பேசவேண்டியதை அவள் எப்படிப் பேசுவாள்?

அப்புறம் சாவு. கிரெட்சன் சிசன், கத்ரீனா கிம்போர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1916 முதல் 2013 வரையிலான அமெரிக்கப் படங்களிலும் தொடர்களிலும் கருக்கலைப்பு பற்றிய 310 கதைகளைத் தேடி எடுத்தார்கள். அவற்றில் 13.5 சதவீதத்தில் அந்தப் பெண் செத்துப்போகிறாள். கலைத்தவள் மட்டுமல்ல, கலைக்கலாமா என்று யோசித்தவளும்! முறையான மருத்துவக் கவனிப்பில் நடக்கும் கருக்கலைப்பில் உயிர் போவது மிக மிக அரிது, பிரசவத்தில் இருக்கும் ஆபத்தைவிடக் குறைவு. திரையில் மட்டும் அது தண்டனையாகிவிடுகிறது.

நல்ல படங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. அவற்றோடும் எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய 'வீரா டிரேக்' 1950இன் லண்டனில் நடக்கிறது. அதே விருதை 2021இல் வாங்கிய 'ஹாப்பனிங்' 1963இன் பிரான்ஸில். 2007இல் கான் விழாவின் தங்கப் பனை வாங்கிய '4 மாதங்கள், 3 வாரங்கள், 2 நாட்கள்' சர்வாதிகாரி சௌஷெஸ்கு காலத்து ருமேனியாவில். மூன்றும் சட்டம் தடுத்த காலத்துக் கதைகள். ருமேனியப் படத்தில் திருட்டுத்தனமாகக் கருவைக் கலைக்கும் தோழியை ஓட்டல் அறையில் விட்டுவிட்டுக் காதலன் வீட்டு விருந்துக்குப் போகிறாள் ஒட்டீலியா. கேமரா அசையாது. பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறார்கள், நடுவில் அவள் முகம். அந்தக் காட்சியை நான் எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இந்தப் படங்களில் பெண்களை வதைப்பது தடைச்சட்டம். பார்த்து முடித்தவர் மனதில் நிற்பதோ ரத்தமும் ஊசியும். கருக்கலைப்பு என்றாலே இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

2020இல் வந்த 'நெவர் ரேர்லி சம்டைம்ஸ் ஆல்வேஸ்' நம் காலத்துக் கதை. ஆட்டம் (Autumn) என்ற பதினேழு வயதுப் பெண் பெற்றோருக்குத் தெரியாமல் பென்சில்வேனியாவிலிருந்து நியூயார்க்குக்குப் பேருந்து ஏறுகிறாள். அங்கே ஆலோசகர் கேள்விகள் கேட்கிறார். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில சமயம், எப்போதும் என்ற நான்கில் ஒன்றைச் சொன்னால் போதும். முதலில் சட்டென்று பதில் வருகிறது. துணை உன்னை அடித்திருக்கிறானா, கட்டாயப்படுத்தியிருக்கிறானா என்று கேள்விகள் நெருங்க நெருங்கப் பதில் தொண்டையில் நிற்கிறது. கேமரா அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்று படம் கடைசிவரை சொல்லவில்லை. கலைக்கலாமா வேண்டாமா என்ற பட்டிமன்றமும் இல்லை. அவள் முடிவெடுத்தாயிற்று, அலைச்சல்தான் கதை.

இதிலும் அவள் சின்னப் பெண். திரையில் பெரும்பாலும் அப்படித்தான். அமெரிக்காவிலேயே கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தாய்மார்கள். பாதிக்கு மேல் மாத்திரையில் முடிந்துவிடுகிறது. வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு, வலியோடு படுத்திருக்கும்போதே பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது என்று போனில் ஏற்பாடு செய்பவளை எந்தப் படத்தில் பார்த்தோம்? அதில் என்ன நாடகம் இருக்கிறது என்பார்கள். விடுப்புக்கு என்ன காரணம் சொல்வது, அம்மாவிடம் சொல்லலாமா, மூத்தவள் எதையாவது கவனித்துவிட்டாளா, ஒரு முழுப்படத்துக்கு இது போதாதா? அவள் அழட்டும், நிம்மதியாகத் தூங்கட்டும், இரண்டுமே நடக்கட்டும். அவளைப் படியில் மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள், விளம்பரம் வராது என்று உடனே ஒரு பதில் வரும். 1972 நவம்பரில், கருக்கலைப்பை அன்று நாடெங்கும் உரிமையாக்கிய ரோ வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு இரண்டு மாதம் முன்பே, 'மோட்' என்ற நகைச்சுவைத் தொடரில் 47 வயதுப் பாட்டி ஒருத்தி கர்ப்பமாகி, கணவனோடு பேசி, கலைப்பதென்று முடிவெடுத்தாள். விபத்தும் இல்லை, சாவும் இல்லை. அடுத்த ஆண்டு மறுஒளிபரப்பின்போது எதிர்ப்பு வலுத்தது, விளம்பரதாரர்கள் விலகினார்கள், பல நிலையங்கள் போட மறுத்தன. தொடர் 1978 வரை ஓடியது.