எதை மிஸ் பண்றோம்னு சரியா சொல்லுங்க

பழைய ஸ்டாக் கார் (ரோட்டுல ஓடுற கார் மாதிரியே பாடி வச்ச ரேஸ் கார்) போட்டோ யாராச்சும் போட்டா போதும், "ரேஸ்னா அந்தக் காலத்து ரேஸ்தான், இப்ப வெறும் காசு"ன்னு பெருசுங்க ஆரம்பிச்சிருவாங்க. நானும் அந்த கோஷ்டிதான். ஆனா ஒரே ஒரு விஷயத்துல அவங்களோட எனக்கு ஒத்துப்போகல, அதான் இந்த நீளப் பதிவு.

நாஸ்கார்னாலே (அமெரிக்காவுல ஸ்டாக் கார் ரேஸ் நடத்துற அமைப்பு) நம்மாளுங்களுக்கு டேட்டோனா மாதிரி பெரிய டிராக்தான் ஞாபகம் வரும். ஆனா 1948ல நாஸ்கார் நடத்துன முதல் ரேஸே மாடிஃபைடு ரேஸ்தான், அதாவது பழைய காரை வெட்டி ஒட்டி மாத்தி ஓட்டுற ரேஸ், ரெட் பைரன் ஜெயிச்சது. ரெண்டாம் உலகப் போருக்கு முந்தின ரெண்டு கதவு கூப்பே கார் ஒண்ணை காயலான் கடைல இருந்து இழுத்துட்டு வந்து, மட்கார்டை வெட்டி எறிஞ்சு, ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8 இன்ஜினை நோண்டி நோண்டி பவர் ஏத்தி, உள்ள இரும்பு பைப் வெல்டு பண்ணா வண்டி ரெடி. பகல்ல மெக்கானிக், சனிக்கிழமை ராத்திரி டிரைவர். எழுபதுகள்ல கூப்பே போய் பின்டோ, வேகா, கிரெம்லின்னு சின்ன கார் பாடி வந்துச்சு, ஆனாலும் கராஜ்ல கைல கிரீஸோட நின்னவன்தான் ஓட்டுனான்.

நார்த் கரோலினா பக்கம் வேலைல இருந்தப்போ வின்ஸ்டன்-சேலம் பௌமன் கிரே ஸ்டேடியத்துக்கு போவேன். ஃபுட்பால் கிரவுண்டை சுத்தி கால் மைல் தார் ரோடு, அவ்ளோதான் டிராக், வளைவுல சரிவும் கிடையாது. 1949ல இருந்து அங்க நாஸ்கார் ரேஸ் நடக்குது, நாஸ்கார் ஜாம்பவான் ரிச்சர்ட் பெட்டி 1969ல தன்னோட 100வது வெற்றிய எடுத்தது அங்கதான். முந்துறதுக்கு எடமே இல்லாததால முன்னாடி போறவன் பம்பர்ல ஒரு தட்டு தட்டித்தான் வழி வாங்கணும், தட்டு வாங்குனவன் சும்மா போவானா, அடுத்த ரவுண்டுல திருப்பிக் குடுப்பான், கேலரில பாதிப்பேர் கைதட்ட பாதிப்பேர் ஊளையிட ஸ்டேடியமே ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும். மேட்ஹவுஸ்னு பட்டப்பேரு சும்மா வரல.

ஆனா என் மனசு நியூயார்க் மாநிலத்து ரோம்ங்கிற சின்ன ஊர்லதான் நிக்குது. 1971ல இருந்து 1985 வரைக்கும், 15 வருஷம், நேஷனல் மாடிஃபைடு பட்டம் அந்த ஊரை விட்டு வெளிய போகல! அந்த ஊர் டிரைவருங்க ஜெரி குக் 6 தடவை, ரிச்சி ஈவன்ஸ் 9 தடவை. ஈவன்ஸ் 16 வயசுல பண்ணைய விட்டு கராஜ் வேலைக்கு வந்தவர், ஆரஞ்சு கலர் 61ம் நம்பர் வண்டி. அப்பல்லாம் ஊர் ஊரா ரேஸ் ஓடித்தான் பாயிண்ட் சேக்கணும், ராத்திரி ரேஸ் முடிஞ்சா டிரக்ல வண்டிய ஏத்திட்டு அடுத்த ஊருக்கு ஓடணும். 1978ல இன்னொரு டிரைவர் ஜெஃப் போடைன் 55 ரேஸ் ஜெயிச்சும் சாம்பியன் ஆனது ஈவன்ஸ்தான்னா பாத்துக்கோங்க.

இப்ப சண்டைக்கு வர்றேன். அந்த ஈவன்ஸ் எப்படி செத்தார்? 1985 அக்டோபர் 24, வர்ஜீனியாவுல இருக்கிற மார்ட்டின்ஸ்வில் டிராக்ல, ப்ராக்டிஸ்ல சுவத்துல மோதி. ஒன்பதாவது பட்டம் ஏற்கனவே உறுதியாகியிருந்துச்சு. 1987ல அதே டிராக்ல சார்லி ஜார்ஸோம்பெக்ங்கிற டிரைவரும் செத்தார். அப்ப இருந்த சேஸ் (காரைத் தாங்குற இரும்புச் சட்டம்) அவ்ளோ விறைப்பு, நேரா மோதினா வண்டி நசுங்காது, அடி மொத்தமும் ஆளுக்கு. இப்படி ஆளுங்க போன பிறகுதான் சேஸை மாத்துனாங்க. "அப்ப ஆம்பளைங்க ஓட்டுனாங்க"ன்னு பெருமை பேசுறவங்க இந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுட்டு படிக்கிறாங்க.

காயலான் கடை காரை வச்சு ஒரு மெக்கானிக் சாம்பியனாக முடிஞ்சதே, அதை மிஸ் பண்ணுங்க, நானும் கூட அழுறேன். இன்னிக்கு சேஸ் ஒரு கம்பெனி, இன்ஜின் இன்னொரு கம்பெனின்னு வாங்கி மாட்டவே சொத்தை எழுதி வைக்கணும், அந்தக் கோவம் நியாயம். உயிர் போன கதைய மட்டும் வீரம்னு விக்காதீங்க.

அப்புறம், நான் குக் கட்சி. பொறுமையா பாயிண்ட் சேத்தவர், உயிரோட ரிட்டையர் ஆகி அதே மாடிஃபைடு ரேஸ் தொடரை நடத்தவும் செஞ்சவர். ஈவன்ஸ் ரசிகர்கள் தாராளமா வந்து திட்டலாம், "அந்தக் காலத்துல சேஃப்டி எல்லாம் தேவைப்படல"ங்கிற கமெண்ட்டை மட்டும் பாத்த உடனே தூக்கிருவேன்.