மொத்த மதிப்பெண் மட்டும் போதாது
வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கப்படும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ்-இல் மொத்தம் 6.5 வந்துவிட்டால் கவலையில்லை என்று இத்தேர்வு பற்றி வெளியான கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூர் சென்று அதை எழுதிய என் மகள் கேட்டலில் 7, வாசித்தலிலும் பேசுதலிலும் 6.5, எழுதுதலில் 5 பெற்றாள், சராசரி 6.25 என்பதால் விதிப்படி அது 6.5 ஆக உயர்த்தப்பட்டது, ஆனால் அவள் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 6 கேட்டதால் அந்த உயர்வு அவளுக்குப் பயன்படவேயில்லை. எழுத்துத் தேர்வில் இரண்டாவது கேள்வியான கட்டுரைக்கு முதல் கேள்வியைவிட இரு மடங்கு மதிப்பு உண்டு என்பதை அறியாமல், முதல் கேள்வியில் வந்த வரைபடத்தை விவரிப்பதிலேயே பாதி நேரத்துக்கு மேல் செலவிட்டிருக்கிறாள். மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு உச்சரிப்புதான் தடை என்று அந்தக் கட்டுரைக்கு ஒரு வாசகர் கருத்து எழுதியிருக்கிறார். ஆனால் பேசுதலில் உச்சரிப்பு நான்கு அளவுகோல்களில் ஒன்று மட்டுமே, அதிலும் முக்கியமாகப் பார்க்கப்படுவது கேட்பவருக்குத் தெளிவாகப் புரிகிறதா என்பதுதான்.