பாசிப் பொடியும் வயிற்று அமிலமும்: பரவும் தகவல் தவறு

"பாசியில் (நீரில் வளரும் ஆல்கா) இருப்பதும் நம் வயிற்றில் அமிலம் சுரப்பதும் ஒரே சுழலும் மோட்டார்தான். அதனால் பாசிப் பொடி சாப்பிட்டால் அமிலம் கூடும்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிதான் புரோட்டான்; அதைச் சவ்வைத் தாண்டித் தள்ளும் புரதம்தான் புரோட்டான் பம்ப். பாசிகளில் இது ஒரே வகை அல்ல. செல்லுக்குள் இருக்கும் பைகளின் சவ்வில் உள்ள வி-ஏடிபேஸ் என்ற பம்ப் நிஜமாகவே சுழலும். ஆனால் பைரோபாஸ்பேட்டேஸ் என்ற இன்னொன்று சுழலவே சுழலாது. அதில் அச்சு அசலாக ஒன்றுபோல இரண்டு புரதங்கள் ஒட்டி நிற்கும். ஒவ்வொன்றும் சவ்வை 16 சுருள்களால் துளைத்து நிற்கிறது: உள்வட்டத்தில் 6, அதைச் சுற்றி 10. புரோட்டான் போகும் வழி அந்த உள்வட்டத்தின் நடுவில். பச்சைப்பயறில் உள்ள இதே வகை நொதியின் வடிவம் 2012-இல் வெளியானது, பார்க்கவே அவ்வளவு அழகு!

வயிற்றில் உள்ள பம்ப் வேறு: ஒரு பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொண்டு புரோட்டானை வெளியே தள்ளும், அதுவும் சுழலாது. பாசியின் வெளிச்சவ்வில் அதற்குத் தூரத்து உறவான பம்ப் உண்டு என்பது சரிதான். ஆனாலும் சாப்பிடும் புரதம் செரிமானத்தில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். முழு பம்ப்பாகப் போய் வயிற்றுச் செல்லில் பொருந்தாது.

புரோட்டீன் டேட்டா பேங்க் இணையதளத்தில் இந்த வடிவங்களை யாரும் இலவசமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து பார்வர்ட் செய்யாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.