டிலனாய் ஆங்கிலப் படை இஞ்சினியர் இல்லை

கன்னியாகுமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்திய டிலனாய், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ஆங்கிலேயரின் ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஆங்கில இஞ்சினியர் என்று மேலே ஒருவர் எழுத, பலரும் பகிர்ந்திருக்கிறீர்கள். அண்ணாச்சி, அது சரியில்லை.

அவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் வந்தவர். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அந்நாட்டு மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் வேலைக்குச் சேர்ந்தார். மன்னருக்காகத்தான் கோட்டை வேலையைக் கவனித்தார். மெட்ராஸ் சாப்பர்ஸின் தொடக்கமான பயனியர் படை உருவானதே 1780இல். டிலனாய் அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டார்.

சந்தேகம் இருந்தால் தக்கலை பக்கம் போகும்போது புலியூர்க்குறிச்சியில் இறங்கிக் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். இடிந்த தேவாலயத்துக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருக்கிறார்கள். லத்தீன் வரிகளைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தாலே போதும்: திருவிதாங்கூர் படையின் தளபதி, ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்குச் சேவை செய்தவர், 1777 ஜூன் 1இல் மறைந்தார் என்று வரும். 1777இலிருந்து 37ஐக் கழித்தால் குளச்சல் போரை ஒட்டி வந்து நிற்கிறது. நம்ம ஊர்க் கல்லே சொல்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதினேன். பதிவைத் திருத்திவிட்டால் நல்லது.