"கோடு கோடா என்னம்மா இது?"

பழைய ஓவியங்களைப் பாதுகாப்பவர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எடுத்த அந்த ஒன்றரை நிமிட வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், பாதிப் பேர் சிரிப்புப் பொம்மையோடு. போதும். நான் அந்த அரங்கில்தான் இருந்தேன், மூன்றாவது வரிசையில்.

அதில் பேசும் பெரியவர் பெயரை எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஓவியங்களில் என்ன பசை இருக்கிறது என்று ஆராயும் ஒரு பெண் தன் ஆய்வின் வரைபடத்தைத் திரையில் போட்டதும், "கோடு கோடா என்னம்மா இது, ஈசிஜியா? நாப்பது வருஷமா தொட்டுப் பார்த்தே சொல்றவன் நான்" என்றார். அரங்கம் சிரித்தது. அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்வாள்?

ஈசிஜி இல்லை ஐயா. ஓவியத்தின் விரிசல் ஓரத்திலிருந்து எடுத்த ஒரு துகள், உப்புக்கல்லில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதை இரண்டு வைரத் துண்டுகளுக்கு நடுவில் வைத்துத் தட்டையாக நசுக்கி, நுண்ணோக்கி வழியாக அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சுகிறோம். ஒவ்வொரு வேதிப்பிணைப்பும் தனக்கான அலைகளை மட்டும் விழுங்கும். விழுங்கிய இடத்தில் கோடு ஒரு முனையாக எழும், அதைத்தான் பீக் என்கிறோம். எண்ணெய் இருந்தால் 1740 என்ற அலையெண் பக்கம் ஒரு பீக் எழும். தோல் பசை மாதிரிப் புரதம் என்றால் 1650, 1550 என்று ஜோடியாக வரும். மரப்பிசின் என்றால் 1000க்கும் 1100க்கும் நடுவில் அகலமாக ஒரு மேடு. அவள் காட்டிய கோடு இதுதான்.

நிறம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்த நிறத்தைச் சுவரிலோ துணியிலோ பிடித்து வைத்திருக்கும் பசை யார் கண்ணுக்கும் தெரியாது. நாற்பது வருட அனுபவம் உள்ள கண்ணுக்கும்தான்.

"பசை எதுவாயிருந்தால் என்ன, ஓவியம் அழகாயிருந்தால் போதாதா?" என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நான் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய படத்தைச் சுத்தம் செய்யக் கொடுத்தார்கள். எங்கே என்பது வேண்டாம். அங்கிருந்த மூத்தவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஆயில் பெயின்ட்தான், ஈரப் பஞ்சால் தைரியமா துடைப்பா" என்றார். நானும் துடைத்தேன். மூன்றாவது இழுப்பில் பஞ்சு நீலமாகிவிட்டது. படத்தின் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு வானம் இல்லை. விரலுக்குத் தட்டுப்பட்ட வழவழப்பு மேலே பூசிய வார்னிஷ். அந்த மூலையில் மட்டும் அது தேய்ந்துபோயிருந்திருக்கிறது. பிற்பாடு பஞ்சில் ஒட்டிய துகளை நுண்ணோக்கியில் வைத்தபோது 1740இல் ஒன்றுமே இல்லை, பிசினுக்குரிய மேடுதான் இருந்தது. 2090 பக்கம் ஊசி மாதிரி ஒரு பீக், அது பிரஷ்ய நீலம் என்ற நிறமி. பத்து நிமிட வேலை. துடைப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய பத்து நிமிடம். எண்ணெய் தண்ணீரில் கரையாது, பிசின் கரையும், அவ்வளவுதான் விஷயம். பசை எதுவாயிருந்தால் என்ன என்று கேட்பவர்கள் அந்தப் பஞ்சைப் பார்த்திருக்க வேண்டும்.

"துகள் எடுப்பதே ஓவியத்துக்குச் செய்யும் துரோகம்" என்று இன்னொரு கூட்டம். சுவரோவியத்தின் மேல் சாமியானா கயிறு கட்ட ஆணி அடிக்கும்போது இந்த அன்பெல்லாம் எங்கே போயிருந்தது? துகளே எடுக்காமல் சுவருக்கு முன்னால் வைத்து அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. தெளிவு கொஞ்சம் குறையும், ஆனால் முடியும்.

கருவியும் தவறும் என்பது உண்மைதான். சிந்தூரச் சிவப்பு, அதாவது பாதரச சல்பைடு, வழக்கமாக அளக்கும் எல்லைக்குள் ஒரு பீக்கும் காட்டாது. பழைய எண்ணெயில் நிறமியின் உலோகம் சேர்ந்து சோப்பாக மாறிக் குழப்பும். அதற்கெல்லாம் வேறு சோதனைகள் இருக்கின்றன. விரல் தவறினால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

அப்புறம், இந்தச் சோதனையெல்லாம் "மேல்நாட்டு மோகம்" என்று வீடியோவுக்குக் கீழே ஒரு கமென்ட். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் சுண்ணத்தையும் நிறத்தையும் 1930களிலேயே ஆராய்ந்து எழுதியவர் சென்னை அருங்காட்சியகத்து வேதியியலர் எஸ். பரமசிவன். இந்தக் கருவி எதுவும் அவரிடம் இல்லை. அவரையும் மேல்நாட்டுக்காரர் என்று சொல்லிவிடுவீர்களா?

மேல்நாட்டுப் பெருமையை உடைத்ததே இந்தக் கோடுதான் என்பதாவது தெரியுமா? எண்ணெய் வண்ணம் என்றாலே பதினைந்தாம் நூற்றாண்டு, வான் ஐக் என்ற ஓவியர் என்று ஐரோப்பாவில் நெடுநாள் ஒரு கதை ஓடியது. ஆப்கானிஸ்தானில் பாமியான் புத்தர்களை 2001இல் தகர்த்தார்களே, அவற்றின் பின்னாலுள்ள குகைகளின் சுவரோவியத் துகள்களை யோக்கோ தனிகுச்சி, மரீன் கோத் ஆகியோரின் குழு பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரானில், அதாவது மிகப் பிரகாசமான கதிரைத் தரும் பெரிய இயந்திரத்தில், வைத்துப் பார்த்தது. அங்கே அகச்சிவப்புக் கதிரைச் சில மைக்ரான் அளவுக்குக் குவிக்க முடியும். நிறத்தையும் அதன் மேல் பூச்சையும் அடுக்கு அடுக்காகப் பிரித்துப் படித்தார்கள். 2008இல் முடிவு வந்தது. ஆராய்ந்த 50 குகைகளில் 12இல் உலரும் எண்ணெய், அக்ரூட் (வால்நட்) அல்லது கசகசா எண்ணெயாக இருக்கலாம். காலம் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. எத்தனையோ வல்லுநர்கள் அந்தக் குகைகளுக்குள் நின்று பார்த்திருப்பார்கள். யார் கண்ணுக்கு அந்த எண்ணெய் தெரிந்தது?

பெரியவர் மேல் எனக்கு மரியாதை இல்லை என்று நினைக்க வேண்டாம். சுண்ணத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே பொள்ளலா என்று அவர் சொன்னால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். ஆனால் இரண்டு வருடம் இருட்டறையில் உட்கார்ந்து எடுத்த கோட்டை ஒரே ஜோக்கில் தட்டிவிட்டாரே, அந்த மூன்றாவது வரிசையில் நானும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன். பஞ்சு நீலமான அன்றும் மூத்தவரை எதிர்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கவனக்குறைவு என்றுதான் பதிவேட்டில் எழுதினார்கள்.

நேற்று ராத்திரி அந்தப் பெண் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அண்ணா, அடுத்த கூட்டத்துல கோட்டைக் காட்டாம ஓவியத்தோட போட்டோவை மட்டும் போட்டுடட்டுமா?"

இன்னும் பதில் எழுதவில்லை.