ஏற்காட்டுக் காபியை எதற்கு இந்தப் பாடு படுத்துகிறீர்கள்?

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து கணக்குப் போட்டால் இருநூறு வருஷம் ஆகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் பார்க்கிற இடமெல்லாம் சில்வர் ஓக் நிழலில் காபிச்செடி, அந்த மரங்களின் மேலேயே மிளகுக்கொடி. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து, வாயில் வைக்கிற மாதிரி ஒரு காபி கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் கோபம் வருமா வராதா?

சமீபத்தில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேலே போயிருந்தேன். புதிதாகத் திறந்த ஒரு காபிக் கடை. அட்டையில் என்னென்னவோ எழுதியிருந்தது. 120 மணி நேரம் காற்றில்லாமல் புளிக்க வைத்தது, ரம் பீப்பாயில் ஊற வைத்தது, அன்னாசியோடு சேர்த்துப் புளிக்க வைத்தது. சாதாரணமாக ஒன்று கொடுங்கள் என்றோம். அப்படி எதுவும் போடுவதில்லையாம். சரி, ஏதோ ஒன்று என்று சொன்னோம். கண்ணாடிக் குடுவையில் வெளிறிய டீ நிறத்தில் ஒன்று வந்தது, 280 ரூபாய். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். அப்பா கொஞ்சம் பால் கேட்டார். “சார், இதுல பால் சேர்க்கக் கூடாது, டேஸ்ட் போயிடும்” என்று பதில் வந்தது. எங்கள் அப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழம் எடை போட்டு, கொட்டை சரியாகக் காய்ந்ததா என்று பார்த்து, மூட்டை எண்ணி அனுப்பியவர். அவருக்குக் காபி குடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்! அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு அப்படிச் சொல்லச் சொல்லி உத்தரவு. உத்தரவு போட்டவர்கள் மேல்தான் என் கோபம்.

புளிக்க வைப்பது ஒன்றும் புதிது இல்லை. பழம் பறித்த அன்றே பல்ப்பரில் விட்டுத் தோலை எடுப்பார்கள். கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு விடுவதற்காகத் தொட்டியில் ஒரு நாள் போட்டு வைப்பார்கள், குளிர் அதிகமென்றால் ஒன்றரை நாள். கையை விட்டுத் தேய்த்துப் பார்த்தால் கொட்டை சொரசொரவென்று இருக்க வேண்டும். அந்த நிமிஷம் அலசிக் களத்துக்கு எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் கெட்ட வாடை ஏறிவிடும். அப்படி வாடை பிடித்த கொட்டை கொஞ்சம் கலந்தாலும் மொத்தப் பொடியும் வீணாகும் என்பதால், ராத்திரி எழுந்துபோய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருவார் அப்பா. எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருப்பதுதான் அந்த வேலையில் கெட்டிக்காரத்தனம்.

இப்போது முழுப் பழத்தை டிரம்மில் போட்டு மூடுகிறார்கள். வெளிக்காற்று உள்ளே போகாது. உள்ளே உண்டாகும் கரியமில வாயு மட்டும் வெளியேற ஒரு வால்வு. 2015இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்த உலக பாரிஸ்டா போட்டியில், அதாவது கடைகளில் காபி போடுகிறவர்களுக்கான போட்டியில், ஒயின்காரர்களிடமிருந்து எடுத்த இதே மாதிரியான முறையில் பதப்படுத்திய காபியை வைத்து ஆஸ்திரேலியாவின் சாசா செஸ்டிச் ஜெயித்தார். அதற்கப்புறம் உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. அளவோடு செய்தால் நன்றாகவே இருக்கும், நானே ரசித்துக் குடித்திருக்கிறேன். ஆனால் அளவு எங்கே இருக்கிறது? ஒருவர் 72 மணி நேரம் என்றால் அடுத்தவர் 120 என்கிறார். அதுவும் போதாமல் டிரம்முக்குள் பழக்கூழைப் போடு, பட்டையைப் போடு. கடைசியில் கொட்டையின் ருசி என்று எது மிஞ்சுகிறது?

பீர் குடிக்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவை முதலிலேயே போட்டுக் கொதிக்க வைத்தால் கசப்பு இறங்கும், கடைசியில் போட்டால் வாசனை நிற்கும். 1994இல் கலிபோர்னியாவில் வின்னி சிலுர்சோ என்கிற பீர் காய்ச்சுகிறவர், ஏற்கெனவே ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ என்கிற பீர் வகையில் அந்த ஹாப்ஸை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி ‘டபுள் ஐபிஏ’ என்று ஒன்றைச் செய்தார். நல்ல பீர் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அது ஒரு பந்தயத்தைக் கிளப்பிவிட்டது. கசப்பை அளக்க ஐபியூ என்று ஒரு அலகு உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண லாகர் வகை பீர் பெரும்பாலும் இருபதைத் தாண்டாது. இவர்கள் நூறுக்குப் போனார்கள். டென்மார்க்கின் மிக்கெல்லர் என்கிற பீர் கம்பெனி பாட்டிலின் மேலேயே 1000 ஐபியூ என்று போட்டு விற்றது. நூறு, நூற்றிருபதுக்கு மேல் போனால் மனுஷ நாக்குக்கு வித்தியாசமே தெரியாது என்று பீர் காய்ச்சுகிறவர்களே சொல்கிறார்கள். அப்புறம் யாருக்காக அந்த எண்? பெங்களூரில் தம்பி வாங்கிக் கொடுத்து அப்படி ஒன்றை நானும் குடித்தேன். முதல் வாயில் ஆரஞ்சுத் தோல் வாசனை, அருமை. பாதி கிளாஸ் போவதற்குள் நாக்கு மரத்துப் போனது. எட்டு ஒன்பது சதவீத ஆல்கஹால் வேறு. சாம்பாருக்குப் பெருங்காயம் நல்லதுதான், அதற்காகக் கட்டியை அப்படியே போட்டுக் கரைப்பார்களா?

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. ருசி பார்த்து மதிப்பெண் போடுகிறவர்கள் குடிப்பதில்லை. காபிக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள், எண்பதுக்கு மேல் வாங்கினால்தான் அது உயர்ரகம். வரிசையாக வைத்த கிண்ணங்களில் கரண்டியால் எடுத்து உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார்கள். அந்த வரிசையில் அடக்கமான காபி எப்படிக் கண்ணில் படும்? எது நாக்கைப் பிடித்து உலுக்குகிறதோ அது ஞாபகத்தில் நிற்கும். ஆனால் நாங்கள் கரண்டியில் குடிப்பவர்கள் இல்லை. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், வருஷம் பூரா. முழு டம்ளரும் இறங்க வேண்டும், நாளைக்கும் வேண்டும் என்று தோன்ற வேண்டும். அந்தச் சோதனையை யார் வைக்கிறார்கள்?

உடனே ஒருவர் வருவார், “நீங்கள் மட்டும் சிக்கரியைக் கலந்து, கருக வறுத்து, காபியைக் கொல்லவில்லையா?” என்று. கொன்றோம்தான். நாற்பது சதவீதம் சிக்கரி போட்ட பொடியில் ஏற்காடும் கிடையாது, கூர்க்கும் கிடையாது. அதையும் நான் வாங்குவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சிக்கரி கலந்த பாக்கெட்டில் காபி இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று சதவீதத்தை அச்சடித்தே ஆக வேண்டும், காபி 51க்குக் குறையவும் கூடாது. சட்டம் அப்படி. இங்கே ‘ஸ்ட்ராபெரி வாசனை’ என்று போட்டு விற்கிறார்களே, அந்த வாசனை கொட்டையில் இருந்ததா, டிரம்முக்குள் இவர்கள் போட்டதா? அட்டையில் பதில் இல்லை. கேட்டால் ‘ப்ராசஸ்’ என்கிறார்கள். சேலத்தில் பொடி அரைக்கிற கடைக்காரர் 80:20 என்று என் கண் முன்னாலேயே அளந்து கலக்கிறார். யார் நேர்மையானவர்?

எனக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் அந்தக் கொட்டையை நினைத்துத்தான். எஸ் 795 என்று ஒரு ரகம். சிக்மகளூர் மாவட்டம் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1940களில் கொடுத்தது. ஐயாயிரம் அடி உயரத்தில், நிழலில் நிதானமாகப் பழுத்தது. ஒழுங்காக அலசிக் காய வைத்து நடுத்தரமாக வறுத்தால் மெல்லிய மசாலா வாசனை, லேசான புளிப்பு, நாக்கில் கனமாக உட்காரும் ஒரு இனிப்பு. அதைப் பபிள்கம் வாசனையில் முக்கி எடுத்துவிட்டு, அது கொலம்பியாவா ஏற்காடா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி ஆக்கிவிட்டு, பாக்கெட்டில் மட்டும் சேர்வராயன் மலை படத்தைப் போடுகிறார்கள். அந்தப் படத்துக்கு என்ன உரிமை?

விவசாயிக்கு நல்ல விலை என்பார்கள். கிடைக்கிறவர்களுக்குச் சந்தோஷம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு டிரம் கெட்டுப்போனால் அந்த நஷ்டம் யாருடையது? ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவர்தான் தாங்க வேண்டும். ஒரு கப்புக்குப் பதினைந்து கிராம் என்றால் ஒரு கிலோவில் அறுபது கப்புக்கு மேல் வரும். 280ஆல் பெருக்கிப் பாருங்கள். அதில் எவ்வளவு செடியிலிருந்து பழம் பறித்தவர் கைக்குப் போகிறது என்பதையும் அந்த அட்டையில் எழுதட்டுமே.

120 மணி நேரம் ஊற வைத்ததை வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விரும்பிக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே, இந்த மலையில் விளைந்து, தொட்டியில் ஒரு நாள் மட்டும் இருந்து, அலசிக் காய்ந்த கொட்டையில் போட்ட காபி ஒன்றும் இருக்கட்டும். டிரம்மில் வேறு எதையாவது சேர்த்திருந்தால் பெயரோடு எழுதுங்கள். வயசானவர் பால் கேட்டால் பாடம் எடுக்காமல் சூடாகப் பால் கொண்டுவந்து வையுங்கள், டம்ளர் டவராவோடு.