ஸ்லாட் இருக்கு, மந்திரம் இல்லை

சனிக்கிழமை ராத்திரி விளையாட உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பகடையையே தொடவில்லை. ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014 விதிகள்தான். நண்பனுடைய பாத்திரம் இரண்டு கிளாஸ், அதாவது இரண்டு தொழில், கலந்தது: விசர்ட் (மந்திரவாதி) 3ஆம் நிலை, கிளெரிக் (பூசாரி) 2ஆம் நிலை. கூட்டினால் 5, அட்டவணைப்படி 3ஆம் நிலை ஸ்லாட் (ஒரு மந்திரத்தை ஒருமுறை போடுவதற்கான வாய்ப்பு) இரண்டு வரும், அது சரி. உடனே 3ஆம் நிலை மந்திரமான ஃபயர்பால் எடுத்துக்கொள்வானாம்! ஐயா, எந்த மந்திரம் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியாகத்தான் பார்க்கணும், 3ஆம் நிலை விசர்டுக்கு 2ஆம் நிலை மந்திரத்துக்கு மேல் கிடையாது, அந்தப் பெரிய ஸ்லாட்டில் சின்ன மந்திரத்தை ஏற்றிப் போடலாம், அவ்வளவுதான் என்று பக்கத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினாலும், "அப்புறம் எதுக்குடா ஸ்லாட் குடுத்தான்?" என்று அதே கேள்வி. அட்டவணையை மனப்பாடம் செய்கிறவர்கள் பக்கத்திலிருக்கும் பத்தியை மட்டும் ஏன்தான் படிப்பதில்லையோ. பஜ்ஜி ஆறிப்போனதுதான் மிச்சம்.